கண்ணாடி முன்: "இதை எப்படிப் போக்குவது அக்கா?"

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு பார்லர் நடத்துகிறேன். இந்த மாதம் எனக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எப்படிப் போக்குவது?" என்றுதான் முடிந்திருந்தன. நிறத்தை, சுருட்டையை, நரையை, பூனைமுடியை. போக்கவே தேவையில்லாதது எது, டாக்டரிடம் காட்ட வேண்டியது எது என்று பிரித்துப் பார்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. சிலவற்றுக்கு நாலு வரியே போதும்.

நான் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கருப்பு. வேலைக்கு இன்டர்வியூ வருகிறது என்று அத்தை ஒரு க்ரீம் வாங்கித் தந்தார். ரெண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் எரிகிறது, சிவக்கிறது, சின்னச் சின்னப் பருக்கள் வருகின்றன. திரும்பப் போட்டால் அடங்குகிறது. தொடர்ந்து போடலாமா? தினமும் எளிதாகச் செய்ய ஏதாவது சொல்லுங்கள் அக்கா.
— வாசகி, கோவில்பட்டி

முதலில் அந்த டியூப்பை எடுத்துப் பாரம்மா. பின்பக்கம் பொடி எழுத்தில் மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது அழகு க்ரீம் இல்லை, ஸ்டீராய்டு மருந்து. கூடவே ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் என்றும் இருந்தால், தோல் டாக்டர்கள் மங்கு மாதிரியான பிரச்சினைகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எழுதித் தருகிற கலவை அது. முதல் ரெண்டு வாரம் முகம் வெளுத்துப் பளபளப்பது உண்மைதான். அதற்கு அப்புறம் தோல் மெலிகிறது, ரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடாகத் தெரிகின்றன, கன்னத்தில் முடி வளர்கிறது. நிறுத்தினால் நீ சொல்கிற அதே எரிச்சல். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் இன்றைக்கும் மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொன்னால் எடுத்து நீட்டுகிறார்கள்.

டியூப்பில் எதுவுமே எழுதியிருக்காவிட்டால் அதைவிடக் கவலை. தயாரித்தவர் முகவரி இல்லாமல், பேட்ச் எண் இல்லாமல் வருகிற சில வெளுப்பு க்ரீம்களில் பாதரசம் இருக்கிறது. நம் நாட்டு விதிப்படி முகப்பூச்சில் பாதரசத்தைச் சேர்க்கவே கூடாது. தவிர்க்க முடியாமல் கலந்துவிட்டாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு வந்த சிலரை விசாரித்தபோது, அவர்கள் பூசிவந்த வெளுப்பு க்ரீம்தான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டார்கள். ஒரு அடையாளம் சொல்கிறேன், நினைவில் வைத்துக்கொள். "தங்கம், வெள்ளி நகை படாமல் பூசவும்" என்று டப்பாவில் போட்டிருந்தால் அதைத் தொடாதே. பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அந்த எச்சரிக்கை. நகைக்கு ஆகாதது கன்னத்துக்கு ஆகுமா?

ஆகவே டியூப்பில் ஸ்டீராய்டு பெயர் இருந்தால், நீயாக ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், உன் இஷ்டத்துக்குத் தொடரவும் வேண்டாம். அந்த டியூப்பைக் கையில் எடுத்துக்கொண்டே தோல் டாக்டரிடம் போ. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, செலவு பற்றிப் பயப்பட வேண்டாம். அவர் எப்படிக் குறைக்கச் சொல்கிறாரோ அப்படிக் குறை. என் பார்லருக்கு வராதே என்றுதான் சொல்வேன். இந்த நிலையில் ஃபேஷியல், ப்ளீச் எதுவும் அந்த முகத்தில் படக் கூடாது.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. நிறமியை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை கருப்பு, வெள்ளை எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவை தயாரிக்கும் மெலனின் எவ்வளவு, எப்படிப் பரவியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அந்த மெலனின்தான் நம் வெயிலில் உனக்குக் குடை பிடிக்கிறது. சுருக்கம் தாமதமாக வருவதற்கும் அதுவே ஒரு காரணம். 1975இல் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’கூட 2020இல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டது. உன் அத்தைக்குத் தகவல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

தோல் ஆறின பிறகு தினமும் செய்ய மூன்றே மூன்று வேலை. வாசனை அதிகமில்லாத மென்மையான ஃபேஸ்வாஷ், காலையும் இரவும். முகம் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். காலையில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகக் கோடு பிழிந்தால் எவ்வளவோ, அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். வெள்ளையாகப் படிகிறது என்றால் ஜெல் வகையையோ தோல் நிறம் சேர்த்த ‘டின்டட்’ வகையையோ வாங்கு. டின்டட் வகையில் பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடு இருக்கும், அது மங்குக்கும் நல்லது. இன்டர்வியூ அன்று இதற்கு மேல் கண்மையும் செங்கல் நிற லிப்ஸ்டிக்கும் போதும். பவுடர் வேண்டுமென்றால் வெள்ளைப் பவுடர் இல்லாமல், உன் நிறத்துக்குப் பொருந்துகிற காம்பாக்ட் கேட்டு வாங்கு.

13 வயது மகளுக்குக் கழுத்தைச் சுற்றிக் கருப்பு. பீர்க்கங்காய் நார், சர்க்கரை, எலுமிச்சை எல்லாம் வைத்துத் தேய்த்துப் பார்த்தாச்சு. அழுக்கு போக மாட்டேன் என்கிறது.
— ஒரு அம்மா, விருதுநகர்

தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அது அழுக்காக இருக்க வாய்ப்பு குறைவு. தொட்டுப் பாருங்கள், வெல்வெட் துணி மாதிரித் தடிப்பாக இருக்கிறதா? அக்குளிலும் அதே மாதிரி இருக்கிறதா? இருந்தால் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். பிள்ளையைக் குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போய், எடை பார்த்து, ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள். உள்ளே சரியானால் வெளியே தானாகக் குறையும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் திட்டுத் திட்டாகக் கருக்கும். நீங்கள் தேய்த்துத் தேய்த்து இன்னும் கருப்பாக்கியிருக்கலாம். பிள்ளையை "குளிக்கத் தெரியாதவள்" என்று திட்டியிருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

எனக்குச் சுருட்டை முடி. பள்ளி ஆசிரியை. "டீச்சர், தலை சீவிட்டு வரக் கூடாதா?" என்று ஹெச்.எம். எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். தினமும் அயர்ன் போட்டு நேராக்குகிறேன், நுனி எல்லாம் பிளந்துவிட்டது. நிரந்தரமாக ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துவிடலாமா?
— வாசகி, தேனி

நிரந்தரம் என்று ஒன்று இல்லை டீச்சர். வெளியே தெரிகிற முடியைத்தான் மருந்து நேராக்கும். வேரிலிருந்து வருவது மறுபடி சுருட்டைதான், மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். ஆறு மாதத்தில் மேலே சுருட்டை, கீழே குச்சி. அதைச் சரிசெய்ய மறுபடி மருந்து. சில வகை மருந்துகளைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு என்கிற வாயு வரும். கண் எரிவது உங்களுக்கு மட்டும் இல்லை, நாள் முழுக்க அதைச் சுவாசிக்கிற எங்கள் பெண்களுக்கும்தான். என் பார்லரில் அதைச் செய்வதில்லை.

சுருட்டை முடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். தலையில் ஊறும் எண்ணெய்ப் பசை நேரான முடியில் வழுக்கி இறங்கிவிடும். வளைவு வளைவான முடியில் அது நுனிவரை போய்ச் சேராது. அதனால் வேர் பிசுக்காகவும் நுனி காய்ந்தும் இருக்கும். காய்ந்த முடியைச் சின்னப் பல் சீப்பால் சீவினால் உடைந்து, பறந்து நிற்கும். உங்கள் ஹெச்.எம். பார்த்தது அதைத்தான்.

இனி காய்ந்த தலையில் சீப்பு வைக்காதீர்கள். வாரம் ரெண்டு நாள் தலைக்குக் குளிக்கிறீர்கள் என்றால், முந்தின இரவே தேங்காய் எண்ணெய் தடவுங்கள், நுனிக்கு அதிகமாக. சீயக்காய் உங்கள் முடிக்கு வறட்சி தந்தால் அரப்பு போட்டுப் பாருங்கள். கோயம்புத்தூர், ஈரோட்டுப் பக்கத்துக்காரர்களிடம் கேட்டால் அதன் அருமை சொல்வார்கள். ஷாம்பு என்றாலும் சரி, வேருக்கு மட்டும். அலசினதும் கண்டிஷனர், அல்லது செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கி வடித்த கொழகொழப்பு. வெந்தயம் அரைத்துப் போடுகிறவர்கள் வடிகட்ட மறந்துவிடுகிறார்கள். அப்புறம் வகுப்பில் பிள்ளைகள் "டீச்சர் தலையில் என்னமோ இருக்கு" என்று சொல்லும்! அந்தக் கொழகொழப்பு தலையில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்துவிட வேண்டும். டவலால் பரபரவென்று தேய்க்கக் கூடாது. பழைய பருத்தித் துண்டால் கசக்கிப் பிழிந்தால் போதும். காலை நேரத்தில், கையை நனைத்து முடியில் ஒற்றி, துளி எண்ணெய் தடவி, தளர்வாக ஒரு பின்னல். இறுக்கி இழுத்துப் பின்னி மேலே கனமாகப் பூ வைத்தால் முன்நெற்றி முடி வருடக்கணக்கில் பின்வாங்கிக்கொண்டே போகும். நாற்பது வயதில் நெற்றி ஏறிப்போய் வருகிறவர்களில் பலருக்கு இந்த இழுப்புதான் காரணம்.

பிளந்த நுனியை ஒட்டவைக்க எந்த எண்ணெயாலும் முடியாது. ரெண்டு அங்குலம் வெட்டிவிடுங்கள். ஹெச்.எம்.மிடம் "சீவித்தான் வந்திருக்கிறேன் சார், இது சுருட்டை முடி" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். வகுப்பில் சுருட்டை முடியோடு உட்கார்ந்திருக்கிற நாலு பிள்ளைகளும் அதைக் கேட்டால் நல்லது.

உதட்டுக்கு மேலே பூனைமுடி. ஷேவ் செய்தால் தடிமனாக வளருமாமே?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

வளராது. வெட்டின முனை மழுங்கியிருப்பதால் தொட்டால் குத்தும், அவ்வளவுதான். த்ரெடிங், ஷேவிங், ஒன்றுமே செய்யாமல் விடுவது, மூன்றும் சரி. மஞ்சள் பூசினால் உதிரும் என்று நம்பி முகத்தை மஞ்சளாக்கிக்கொண்டு போக வேண்டாம். ஆனால் தாடையில் கெட்டியான முடி புதிதாக வளர்ந்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகிறதென்றால் நூலும் ப்ளேடும் அப்புறம், முதலில் மகப்பேறு மருத்துவரைப் பார். ஹார்மோன் பரிசோதனை தேவைப்படலாம்.

47 வயது. டை அடித்தால் நெற்றியோரம் அரிக்கிறது, போன தடவை கண் இமையே வீங்கிவிட்டது. விட்டுவிடலாம் என்று பார்த்தால், "உனக்கு இப்பவே என்ன கிழவி வேஷம்?" என்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்கு முழுத் தலையும் நரை!
— வாசகி, தஞ்சாவூர்

வீட்டுக்காரர் ஒரு பக்கம் இருக்கட்டும். இமை வீங்கினது அலர்ஜி. கருப்பு டைகளில் பெரும்பாலும் பிபிடி என்கிற பாராஃபெனிலீன்டயமின் இருக்கிறது. உடம்பு ஒருமுறை அதை எதிரியாக நினைத்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அப்படித்தான். அடுத்த தடவை வீக்கம் இன்னும் மோசமாகலாம், மூச்சுத் திணறல்வரைகூடப் போகலாம். "ஹெர்பல்", "கருப்பு மருதாணி" என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். வெறும் மருதாணி இலை செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். பத்து நிமிடத்தில் கன்னங்கரேலென்று ஆகிறது என்றால் உள்ளே பிபிடி இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி எதையும் இனி தொடாதீர்கள்.

சரி, எப்படி விடுவது? கூச்சம் வருவது அந்த நடுக்காலத்தில்தான். வகிட்டில் வெள்ளைக் கோடு, கீழே கருப்பு. முடியைத் தோள்வரை வெட்டிக்கொள்ளச் சம்மதமென்றால் வேலை சீக்கிரம் முடியும். நீளம் வேண்டுமென்றால் வகிட்டை நேராக எடுக்காமல் வளைத்து எடுங்கள், அல்லது வகிடே எடுக்காமல் பின்னுக்குச் சீவிக் கொண்டை போடுங்கள். கோடு தெரியாது. விசேஷ நாட்களுக்கு மட்டும் மருதாணியும் அதற்கு மேல் அவுரி இலைப் பொடியும் போடலாம். அதையும் காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான். நரைமுடி கொஞ்சம் முரடாக இருக்கும், கண்டிஷனர் கட்டாயம். புடவையில் சாம்பல் கலந்த வெளிறிய நிறங்களைத் தள்ளி வையுங்கள். அரக்கு, மயில்கழுத்து, நல்ல கத்தரிப்பூ நிறம் எல்லாம் நரைக்கு எடுப்பாக இருக்கும். பொட்டைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். உங்களுக்குக் கிழவி வேஷம் என்றால் அவர் போட்டிருப்பது என்ன வேஷம் என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தை மாதம் கல்யாணம். மேக்கப் போட வருகிறவர், "கேமராவுக்கு ரெண்டு ஷேடு ஏத்தித்தான் போடணும், மூக்கையும் ஷேடு பண்ணிச் சின்னதாக் காட்டிடலாம்" என்கிறார். என் முகம் என் முகமாகவே இருக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது?
— மணமகள், காரைக்குடி

இப்படியே சொல்லுங்கள், நன்றாகத்தானே எழுதியிருக்கிறீர்கள். கேமராவுக்கு ஷேடு ஏற்றுவது பழைய பழக்கம். இப்போது அடர்ந்த தோல் நிறங்களுக்கும் ஃபவுண்டேஷன் தாராளமாகக் கிடைக்கிறது. வெளுப்பாகப் போட்டால் கருத்த தோலில் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டால் இன்னும் மோசம். தாலி கட்டுகிற படத்தைப் பாருங்கள், முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

ட்ரையல் கட்டாயம் கேளுங்கள், அதையும் பகலில் கேளுங்கள். ஃபவுண்டேஷனைக் கையில் பார்க்கக் கூடாது. தாடையிலிருந்து கழுத்துவரை மூன்று ஷேடு கோடாக இழுத்து, ஜன்னல் பக்கம் நின்று பாருங்கள். எது மறைந்துபோகிறதோ அது உங்களுடையது. பார்லர் ட்யூப்லைட்டில் எல்லாமே பொருந்துகிற மாதிரித்தான் தெரியும். கண்ணுக்குக் கீழே கருமை இருந்தால் நேரடியாக வெளிர் கன்சீலர் வைக்காமல், முதலில் ஆரஞ்சு கரெக்டர் கொஞ்சமாக வைக்கச் சொல்லுங்கள். உதடு இயல்பிலேயே அடர் நிறமென்றால் அதை வெள்ளையடித்துவிட்டு ரோஸ் பூச வேண்டாம், அரக்கும் மெரூனும் அதன் மேலேயே பிரமாதமாகப் பிடிக்கும். புருவத்தை நூலாக்க விடாதீர்கள். கலர் லென்ஸ் வேண்டாம், ஹோமப் புகையில் கண் எரிந்து அழுகிற மாதிரி ஆகிவிடும்.

மூக்கைச் சின்னதாக்கிவிட்டு அதில் மூக்குத்தி எங்கே போடுவார்களாம்? செட்டிநாட்டு வைர மூக்குத்திக்கு நல்ல அகலமான மூக்கு வேண்டும். நான் தமாஷுக்குச் சொல்லவில்லை, நேரில் எத்தனையோ முகங்களில் பார்த்துத்தான் சொல்கிறேன்.

முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது புது ஃபேஷியல், புது க்ரீம், ப்ளீச் எதையும் தொடாதீர்கள். பேசினதையெல்லாம் மேக்கப் செய்பவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். அதிகாலை நாலு மணிக்கு, பத்துச் சித்திகள் சுற்றி நின்று யோசனை சொல்லும்போது உங்களால் வாதாட முடியாது.

ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற இடத்தில் வெள்ளையாகத் தழும்பு. மேலே பெரிய பொட்டாக வைத்து மறைத்துக்கொள்கிறேன்.
— வாசகி, சேலம்

மறைக்க மறைக்கப் பெரிதாகும் அம்மா. சில பொட்டுகளின் பசையில் இருக்கிற ரசாயனம் நிறமிச் செல்களையே அழித்துவிடும். ஸ்டிக்கரை விட்டுவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள். சீக்கிரம் போனால் நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு. ஆறுகிறவரை நெற்றியைச் சும்மா விடுங்கள்.

கன்னத்தில் கடுகு கடுகாகக் கருப்பு மரு. என் அம்மாவுக்கும் இருந்தது. சுண்ணாம்பு வைத்தால் உதிருமா?
— வாசகர், திருப்பூர்

ஆண்களும் எழுதுவது மகிழ்ச்சி. சுண்ணாம்பு தோலைச் சுடும். மரு போய் வெள்ளைத் தழும்போ குழியோ மிஞ்சும். அம்மாவுக்கும் இருந்தது என்கிறீர்கள், நம் மாதிரி நிறத்தவர்களுக்குப் பரம்பரையாக வருகிற, கெடுதல் இல்லாத வகையாக இருக்கலாம். டாக்டர் ஒருமுறை பார்த்து அதை உறுதி செய்துவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். ஷேவ் செய்யும்போது மட்டும் ப்ளேடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேத்தி பிறந்து இருபது நாள். மருமகள் மாசமாக இருந்தபோது குங்குமப்பூப் பால் தவறாமல் கொடுத்தேன், இருந்தும் பிள்ளை நிறம் மட்டுதான். மூக்கும் சப்பை. குளிப்பாட்டும்போது மூக்கைப் பிடித்து எடுத்துவிடலாமா? போட்டோ அனுப்பட்டுமா?
— ஒரு பாட்டி, சங்கரன்கோவில்

குங்குமப்பூ பாலுக்குத்தான் நிறம் கொடுக்கும் அம்மா, வயிற்றுப் பிள்ளைக்கு இல்லை. அந்தக் காசுக்கு மருமகளுக்கு முட்டையும் பேரீச்சம்பழமும் வாங்கியிருக்கலாம். பிறந்த பிள்ளையின் நிறம் மாதக்கணக்கில் மாறிக்கொண்டே இருந்து அப்புறம்தான் நிலைக்கும். அம்மா அப்பாவிடமிருந்து எது வந்ததோ அது இருக்கும். மூக்கைப் பிடிப்பதால் எலும்பு நிமிராது, பிள்ளைக்கு வலிக்கும். மூக்கில் ஊதுவதும் எண்ணெய் விடுவதும் கூடவே கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விட்டால் ஆபத்து. கடலை மாவு வைத்துத் தேய்த்து உடம்பு முடியை எடுக்கவும் வேண்டாம், அது தானே உதிரும். லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவி, வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். மை கண்ணுக்குள் வேண்டாம். திருஷ்டிக்கு உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பிள்ளை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டோ தாராளமாக அனுப்புங்கள். பார்த்து ரசிப்பேன். நிறம் பார்த்து மட்டும் சொல்ல மாட்டேன்.